வெளியே போகாத காற்று

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'மயக்கம் டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். காது, மூக்கு, தொண்டை பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. மாடியில் ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். அங்கே வருகிற குழந்தைகளுக்கெல்லாம் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைப்பவள் அவள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நான் மாஸ்க்கை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போனாலே எல்லாரும் தூங்கிடறாங்க. யாரைக் கட்டிக்கறது?" என்பாள்.

வீட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி. தம்பி பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலமானால் அக்காவைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நிற்பான். அப்படி நின்ற இடத்தில் கண்ணில் பட்டவள்தான் தியேட்டர் நர்ஸ் சிட்டு. அக்காவைக் கூப்பிட வந்தவன் நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஆஸ்பத்திரியே சிரித்தது. சிட்டு என்பது ஆளைப் பார்த்து வைத்த பெயர். ஒல்லி உடம்பு, ஓயாத கை. சர்ஜன் வாயைத் திறக்கும் முன்பே கேட்கப்போகிற கத்திரி அவர் உள்ளங்கையில் இருக்கும். நாத்தனாரைத் தியேட்டரில் 'டாக்டர்' என்பாள். வீட்டுப் படி ஏறியதும் 'அண்ணி' ஆகிவிடுவாள்.

ஒருநாள் காலை உடை மாற்றும் அறையில் சிட்டு கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, மறுபடியும் நின்னிருக்கு."

மயக்கம் டாக்டர் கையிலிருந்த தொப்பியை மாட்டாமல் அப்படியே நின்றாள். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கி, இரண்டும் கலைந்துபோயிருந்தன.

"அவன்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் கூடாது. போன தடவை பட்டது போதும். அத்தை மார்ல அடிச்சுக்கிட்டு அழ, சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து துக்கம் விசாரிக்க, நான்தான் அவங்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் உங்க தம்பிக்குக்கூடத் தெரியக்கூடாது. என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க."

"பைத்தியமா நீ? சத்தியத்தை விடு. முதல்ல தியேட்டரை விட்டு வெளியே வா."

"என்ன சொல்லிட்டு வர்றது? இன்னொரு நர்ஸ் வேலையை விட்டுப் போயாச்சு. நான் ஒருத்தி. திடீர்னு வார்டுக்கு மாத்துங்கன்னா காரணம் கேப்பாங்க. தியேட்டர் ஆயாம்மா காதுல விழுந்தா அடுத்த நிமிஷம் அத்தைக்குப் போன் போயிடும்." சிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அந்தச் சின்னத் தலையிலிருந்து கையை உருவ அவளுக்கு மனம் வரவில்லை. "சொல்லலை" என்றாள். சொன்ன மறுகணமே கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது போல இருந்தது.

ஏனென்றால் தியேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குழந்தைகளுக்கு ஊசி என்றால் பயம். அதனால் முகத்தில் மாஸ்க்கை வைத்து, வாயுவைச் சுவாசிக்கவைத்துத்தான் தூங்கச்செய்வார்கள். குழந்தை வெளியே விடும் மூச்சிலும் கொஞ்சம் வாயு மிஞ்சும். அந்த மிச்சம் ஒரு நெளிவுக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். முன்பு அதற்குச் சுவரில் ஓட்டை இருந்தது. போன கோடையில் தியேட்டரைப் புதுப்பித்தபோது தரையிலிருந்து கூரைவரை வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். ஓட்டை, ஜன்னல், பழைய காற்றாடி எல்லாம் டைல்ஸுக்கு அடியில் போயின. குழாயின் முனை மயக்க மருந்து மெஷினுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. புதிதாக மாட்டிய ஏசியோ அறைக்குள் இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்பத் தருகிற ஏசி. வெளிக்காற்றுக்கு உள்ளே வேலை இல்லை, உள்காற்றுக்கு வெளியே வழி இல்லை. மத்தியானத்துக்குள் அறையில் லேசான இனிப்பு மணம் தங்கிவிடும். சாயங்காலம் எல்லோருக்கும் தலை கனக்கும். வேலைக் களைப்பு என்று காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

"முன்னாடி ரெண்டும் இதனாலதானா?" என்று அன்று வண்டிக்குக் காத்திருக்கையில் சிட்டு கேட்டாள்.

"இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அப்போ ஒண்ணும் சொல்லாதீங்க."

மறுநாளே மயக்கம் டாக்டர் சர்ஜனின் அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியை நடத்துகிறவரும் அவர்தான். பெரிய டாக்டர் என்பார்கள். கை சுத்தமான மனிதர், குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் ஒரு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிடிவாதம் அவரைவிட உயரமாக நிற்கும்.

"சுவர்ல மறுபடி ஓட்டை போடணும் சார். வெளியே இழுக்கிற காற்றாடியும் வேணும்."

"இப்பதானே டைல்ஸ் போட்டோம்! குத்தினா வரிசையா வெடிச்சுடும். தூசி அடங்கற வரைக்கும் தியேட்டரை மூடணும். எத்தனை குழந்தைங்க காத்திருக்காங்க தெரியுமா? வருஷக் கடைசியில பார்க்கலாம்."

"மூச்சுல போறது எல்லாருக்கும் கெடுதல் சார்."

"அடப் போங்க. இத்தனை வருஷமா நானும் இதே காத்தைத்தான் இழுக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"சாயங்காலமானா யாரைத் திட்டறோம், எதுக்குத் திட்டறோம்னே தெரியாம திட்டறீங்களே, அது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது. சிட்டுவின் பெயரைச் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார். அந்தப் பெயர் தொண்டைவரை வந்து, சத்தியம் செய்த கை ஞாபகம் வந்து, திரும்பிப் போயிற்று.

அன்றிலிருந்து அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். மாஸ்க்கைக் குழந்தையின் முகத்தோடு இறுக்கிப் பிடித்தாள். மாஸ்க்கை எடுக்குமுன் வாயுவை மூடினாள். வாயுவின் வேகத்தைக் குறைத்தாள். கொஞ்சம் பெரிய குழந்தைகளிடம் கதை பேசி, கையில் ஊசி போட்டு நரம்பு வழியாகவே மயக்கம் கொடுத்தாள். அதற்கு நேரம் பிடித்தது. பெரிய டாக்டர் கையுறை மாட்டிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, "என்னம்மா, இன்னிக்கு முடியுமா, நாளைக்கு வரட்டுமா?" என்பார். ஆனால் சின்னக் குழந்தைகளிடம் எந்தக் கதையும் பலிக்காது. தலையை உதறும், திமிறும், மாஸ்க் விலகும். கொழகொழவென்ற கையில் நரம்பு தட்டுப்படாது. ஒவ்வொரு தடவை வாயுவின் திருகைத் திறக்கும்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிட்டுவின் மூக்கைத்தான் அவள் பார்த்தாள். தன் தம்பியின் பிள்ளைக்குத் தன் கையாலேயே விஷம் ஊதுவது போல இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. வீட்டில் சிட்டு பரிமாறும்போது இவளுக்குச் சோறு இறங்காது.

"என்னடி, ஊரார் துக்கத்தை எல்லாம் நீ சுமக்கற மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் அம்மா.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. டான்சில் எடுக்க வந்த பொடியன் ஒருவன். பிடிவாதத்துக்குப் பெயர்போனவன் என்று அவன் அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாஸ்க்கை வைத்ததும் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்து, ஆயாம்மாவின் வயிற்றில் ஓர் உதை விட்டான். வாயு குழந்தைக்குப் போனதைவிட அறைக்குப் போனதுதான் அதிகம். ஒருவழியாகத் தூங்கினான். பெரிய டாக்டர் வேலையைத் தொடங்கினார். ஒரு பக்கம் எடுத்தாயிற்று. மறுபக்கம் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை அழுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி ஊறுகிறது. குழந்தையின் தொண்டைக்குள் போட்டிருந்த மெல்லிய மூச்சுக்குழாயின் ஓரத்திலும் வாயு கசிந்துகொண்டிருந்தது. நேரம் இழுத்துக்கொண்டே போயிற்று. இனிப்பு மணம் கனத்தது.

"கத்திரி" என்றார் பெரிய டாக்டர்.

அவர் கேட்டு சிட்டு கொடுத்ததே இல்லை. கேட்குமுன் கொடுப்பவள். அன்று கேட்ட பிறகும் கை வெறுமையாக இருந்தது. பிறகு அதில் இடுக்கி வந்து விழுந்தது.

"கத்திரிம்மா! தூங்கறியா?"

மயக்கம் டாக்டர் நிமிர்ந்தாள். முகமூடிக்கு மேலே சிட்டுவின் நெற்றி வெளுத்து வியர்த்திருந்தது. மேசை விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். கையைக் கழுவி, உடை உடுத்தி நின்ற நர்ஸ் அவள் ஒருத்திதான். குழந்தையின் தொண்டை திறந்திருக்கிறது. அவளால் போகமுடியாது. குழந்தையின் தலைமாட்டை விட்டு இவளாலும் நகரமுடியாது. நால்வரும் ஒரு குழந்தையும், மூடிய கதவும்.

அவள் வாயுவை அடைத்தாள். பால் போல வெளுத்த மருந்தை ஊசிக்குழலில் ஏற்றி, பொடியன் தூங்கிய பிறகு கையில் பிடித்துவைத்திருந்த நரம்பு வழியாகச் செலுத்தத் தொடங்கினாள். இனிக் குழந்தை அதில் தூங்கும். ஆனால் அறைக்குள் ஏற்கெனவே இருப்பது எங்கே போகும்?

"ஆயாம்மா, கதவைத் திறங்க."

"திறக்காதே!" என்றார் பெரிய டாக்டர் தலை நிமிராமலே. "ஆபரேஷன் நடக்குது. வெளித் தூசி உள்ளே வரணுமா?"

"காத்து வேணும் சார். கதவைத் திறங்க ஆயாம்மா."

"யாரும் திறக்கக் கூடாது! என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

"இந்த ரூம்ல ஒரு புள்ளைத்தாச்சி இருக்கா!"

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பெரிய டாக்டரின் கை அப்படியே நின்றது. முகமூடிக்கு மேல் அவர் கண்கள் முதலில் ஆயாம்மாவைப் பார்த்தன. அவள் பேரன் எடுத்தவள். பிறகு சிட்டுவிடம் போயின. சிட்டு அவரைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள். கண் நிறைந்து, 'அண்ணி, வேண்டாம்' என்று கெஞ்சியது. அந்தப் பார்வையை மயக்கம் டாக்டரால் தாங்கமுடியவில்லை.

"அங்கே ஏன் பார்க்கறீங்க?" என்றாள். "என்னைப் பார்த்தா தெரியலையா?"

ஆயாம்மா, "அடியம்மா!" என்றாள். யாரும் மறுபடி சொல்லாமலே ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தாள். பெரிய டாக்டர் குனிந்து ரத்தத்தை நிறுத்தினார். பொடியன் விழித்துக்கொண்டு எல்லோரையும் திட்டினான்.

சாயங்காலம் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வருவதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுவைத்திருந்தார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

"நான் எதுவும் கேக்கலை" என்றார் மேசையைப் பார்த்தபடி. "அது உங்க சொந்த விஷயம். முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே ஆளை வரச் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை சுவரைக் குடையறாங்க. காற்றாடியும் வருது."

அவளுக்கு மூச்சு வந்தது. ஒரு பொய்க்கு இத்தனை பலமா என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அதுவரைக்கும் நீங்க உள்ளே நிக்கக் கூடாது. வீட்ல ரெஸ்ட் எடுங்க. நாளைக்கும் மறுநாளும் வெளியிலிருந்து ஒரு டாக்டர் வர்றார். வேகமான ஆளு. ஒரு காலையிலேயே எல்லாக் குழந்தையையும் முடிச்சுடுவார்."

அந்த ஆளை அவளுக்குத் தெரியும். திருகைத் திறந்தால் மூடமாட்டார். மாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, வாயு பாட்டுக்கு ஊத, போனில் பேசிக்கொண்டிருப்பார்.

"சிட்டு?" என்று கேட்டாள்.

"சிட்டு இருக்காளே, அவ பார்த்துப்பா. அவளுக்கென்ன?"

சிட்டுவைக் காப்பாற்றச் சொன்ன பொய் இவளை வெளியே தள்ளி, அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டது. உண்மையை வாய்நுனிவரை கொண்டுவந்தாள். சிட்டுவை ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லக்கூடாது என்று விழுங்கினாள். அன்று தம்பி வழக்கம்போல வாசலில் நிற்கவில்லை. பெண்கள் இருவரும் ஆட்டோ பிடித்தார்கள்.

"நாளைக்கு நீ போகக் கூடாது" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நின்னா சந்தேகம் வரும் அண்ணி. ரெண்டு நாள்தானே. மூக்கைப் பொத்திக்கறேன்."

"அந்த முகமூடித் துணி வாயுவைத் தடுக்காதுடி. எச்சிலைத்தான் தடுக்கும்."

சிட்டு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆயாம்மாவின் போன் அவர்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி அணைந்திருந்தது. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். சிட்டு நேரே சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"யாருடி அவன்?" என்றாள் அம்மா.

மயக்கம் டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் வயசுல எனக்கு மாப்பிள்ளை தேடற வயசுல பொண்ணு இருந்தா. இவ்வளவு நாள் வேண்டாம் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தானா? சொல்லு, யாரு?"

"யாரும் இல்லைம்மா."

"யாரும் இல்லாம காத்துலயா வந்துச்சு?"

மற்றொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். தம்பி திரும்பினான். அவன் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. "ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் என்னைத் தனியா கூப்பிட்டு விசாரிக்கறார்க்கா. அவர் சம்சாரம் உங்க ஆஸ்பத்திரியிலதான் காட்டறாங்களாம். நான் என்ன பதில் சொல்றது? பொய்னாவது சொல்லு."

பொய் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி தயாராக நின்றது. அப்போ அந்த அறையில் யார்? தம்பி வாத்தியார். கணக்குப் போடத் தெரிந்தவன். ஆயாம்மாவைக் கழித்தால் மீதி ஒருத்தி. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூட மூட அம்மாவின் சத்தம் கூடியது. வளர்த்த வளர்ப்பு, செத்துப்போன அப்பா, தெருவில் தலைகாட்டுவது எல்லாம் வந்தன. சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தின் மேல் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. எவ்வளவு நேரம் கிண்டுவாய்?

"அப்படின்னா இந்த வீட்டுல உனக்கு—" என்று அம்மா தொடங்கினாள்.

கரண்டி நின்றது. சிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"அத்தை, அண்ணி இல்லை. நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள். "புள்ளைத்தாச்சி நான்தான். வெளியே சொல்லக்கூடாதுன்னு அண்ணிகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். அறைக்குள்ளே மயக்க வாயு நிறைஞ்சுபோச்சு. நான் விழப் பார்த்தேன். கதவைத் திறக்கறதுக்காக அண்ணி பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க."

தம்பி அவளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தப் பக்கம் எந்த முகத்தைக் காட்டுவதென்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா வாயைத் திறந்தாள்.

"அழக் கூடாது அத்தை" என்றாள் சிட்டு. விரலை நீட்டி எச்சரித்தாள். "சந்தோஷமும் படக் கூடாது. யாருக்கும் சொல்லக் கூடாது. மூணு மாசம் தாண்டற வரைக்கும் இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது."

"அப்போ இவ பேரு?" என்று அம்மா மகளைக் காட்டினாள்.

மயக்கம் டாக்டர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "என் பேருக்கு என்ன அவசரம்? நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க."

இரண்டு நாள் சிட்டு போகவில்லை. வேகமான டாக்டர் நர்ஸ் இல்லாமல் திரும்பிப்போனார். கர்ப்பிணி நாத்தனாரைக் கவனித்துக்கொள்ளத்தான் சிட்டு லீவு போட்டாள் என்று ஆயாம்மா விளக்கம் சொன்னாள். வெள்ளிக்கிழமை சுவரைக் குடைந்தார்கள். பெரிய டாக்டர் பயந்தது போலவே வரிசையாக டைல்ஸ் வெடித்தது. குழாய் வெளியே போயிற்று, காற்றாடி சுழன்றது, வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் திறந்தது. மறுவாரம் இனிப்பு மணம் இல்லை. எல்லோரும் ஏன் இன்று தலை லேசாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு நர்ஸ் கிடைத்தாள். காய்ச்சலுக்குப் பின் களைப்பு என்று சொல்லிச் சிட்டு வார்டுக்கு இறங்கினாள். அப்போதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இறங்கினாள். "இனிமே எனக்குத் தெர்மாமீட்டர்தான் கத்திரி" என்றாள். அந்த வார்த்தையில் நன்றியைவிடக் குறைதான் அதிகம் இருந்தது.

மூன்று மாதம் தாண்டியது. பிறக்கும்வரை ஆஸ்பத்திரிக்குத் தெரியவேண்டாம் என்று சிட்டு தவணையை நீட்டினாள். மயக்கம் டாக்டர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் சொன்னது பொய். கதவைத் திறக்கணுமேன்னு சொன்னது" என்றாள்.

ஆயாம்மா அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். "சரி டாக்டர். அப்படியே சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு நானும் அப்படியே சொல்றேன்."

"நிஜமாவே பொய் ஆயாம்மா."

"நான் இல்லைன்னா சொன்னேன்?"

மயக்கம் டாக்டருக்கு இயல்பிலேயே பருத்த உடம்பு. மேலே தொளதொளவென்ற பச்சை உடை. வயிறு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் கண்டுபிடிக்கமுடியவில்லை. எல்லோரும் கண்டுபிடிக்க முயன்றார்கள். மாடிப்படியில் ஏறினால் யாராவது பையை வாங்கிக்கொண்டார்கள். அவளைக் கண்டால் பேச்சு நின்றது, நகர்ந்தால் தொடர்ந்தது. மறுக்க மறுக்க அது உறுதியாயிற்று. கடைசியில் மறுப்பதை விட்டாள்.

ஏழாம் மாதம் சிட்டுவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். தம்பிக்கு ஒன்றும் ஓடவில்லை, அம்மா சாமியறையை விட்டு வரவில்லை. மயக்கம் டாக்டர்தான் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையும் மாலையும் அழுத்தம் பார்த்தாள். இரவில் சிட்டுவுக்குப் பயம் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, தியேட்டரில் உதைத்த குழந்தைகளின் கதைகளைச் சொன்னாள். வேறோர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, சத்தம் ரொம்ப அதிகம். சிட்டு குழந்தையை முதலில் நாத்தனாரின் கையில்தான் கொடுக்கச் சொன்னாள்.

லீவு முடிந்து அவள் தியேட்டருக்குத் திரும்பிய நாளில் ஆயாம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உடம்பு எப்படியிருக்கு டாக்டர்? தம்பியும் பெரிய மனசுக்காரர். அவரும் சிட்டுவும் தங்களோட புள்ளையா ஏத்துக்கிட்டாங்களாமே!"

மயக்கம் டாக்டர் மாதங்களை எண்ணி யோசித்துப் பார்த்தாள். வார்டில் சிட்டு வயிறு தெரியுமுன்பே தளர்வான உடைக்கு மாறியவள், பிறகு படுத்தவள். அதே மாதங்களில் தானும் காணாமல் போயிருக்கிறாள். இருவரும் இல்லை, பிறகு ஒரு குழந்தை. கணக்கு யாருக்கும் சரியாகத்தான் வரும். வீட்டுக்குப் போய்ச் சிட்டுவிடம் சொன்னால் அவள் உடனே ஓடிவந்து எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவாள். நாத்தனாரின் மானத்தைக் காப்பாற்ற நாடகம் போடுகிறாள் பாவம் என்பார்கள். நாளைக்கு அந்தக் குழந்தை இதே படியில் ஏறி வரும். அதன் காதிலும் விழும்.

மேசையில் அடுத்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் காற்றாடி சீராக இழுத்தது. பெரிய டாக்டர் வேலையை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அவர் காதுக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டார்.

"குழந்தை நல்லா இருக்காம்மா?"

இல்லை என்று தொடங்கலாம். தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் திருகை மூடி, மாஸ்க்கைக் குழந்தையின் முகத்திலிருந்து மெல்ல எடுத்தாள்.

"நல்லா இருக்கா சார்" என்றாள். "எல்லாரும் அத்தை ஜாடைன்னு சொல்றாங்க."